மூன்று பிளஸ்

ஸ்கூட்டரைக் கிளப்புவதற்கு முன் சிவசங்கரி ஃபோனை ஒருமுறை பார்த்தாள். ஈஸ்வரன் அனுப்பிய குரல் செய்தி செவ்வாய்க்கிழமையிலிருந்து அப்படியே கிடந்தது. ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி. இன்று வெள்ளி. கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அதனால் கேட்கவில்லை.

உடும்பஞ்சோலையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் ஒன்றில் சூப்பர்வைசர் வேலை கிடைத்து அவள் கணவன் ஈஸ்வரன் மலையேறி மூன்று வருடம் ஆகிறது. ஆறு மாதம் பார்க்கலாம் என்றுதான் போனான். இடையில் சண்டை எதுவும் வரவில்லை. வந்திருந்தால் யாராவது நடுவில் புகுந்து சமாதானம் செய்து வைத்திருப்பார்கள். வருகிறேன் என்று அவள் சொல்வதும், சரி என்று அவன் சொல்வதுமாகவே நாட்கள் போய்விட்டன. வடகரப்பதியில் இரண்டு அறை வாடகை வீட்டில் ஒரு ஆளுக்கு அரிசி போட்டு அவளுக்குப் பழகிவிட்டது. கடைசி ஒரு வருடமாக, மலையேறாமல் இருக்க அவளிடம் ஒரு நல்ல காரணமும் இருந்தது.

அந்தக் காரணத்தின் பெயர் அன்சிலா. வயது பத்து.

சிறுநீரில் உடம்பின் சத்தெல்லாம் இறங்கிப்போகும் வியாதி அவளுக்கு. வந்தால் முகமும் காலும் வீங்கும். கொடுக்கிற மாத்திரையோ எதிர்ப்புச் சக்தியைத் தின்றுவிடும். பக்கத்தில் ஒருவர் தும்மினாலே ஆபத்து என்று பள்ளிக்கூடத்தை நிறுத்தி இப்போது பதினாறு மாதம். அப்படிப்பட்ட பிள்ளைகளின் வீட்டுக்கே போய்ப் பாடம் நடத்துவதுதான் சிவசங்கரியின் வேலை. கல்வித்துறை ஆபீஸ் கணக்குப்படி அன்சிலாவுக்கு வாரம் ஒரு நாள். அவள் போய்வந்தது நாலு நாள்.

கணவாய்க் காற்று பனைமரங்களை ஒரே பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தது. தென்னந்தோப்பைச் சுற்றிக்கொண்டு அந்த வீட்டு வாசலுக்கு வந்தபோது, படியில் அன்சிலாவின் அம்மா சௌதா உட்கார்ந்திருந்தாள். மடியில் நீளமான டைரி. தலைமுட்டாக்கு நழுவியதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"வாங்க டீச்சர்," என்றாள் டைரியைப் பார்த்துக்கொண்டே. "இன்னைக்கும் மூணு பிளஸ்ங்க."

சிவசங்கரி ஸ்டாண்ட் போட மறந்து வண்டியைப் பிடித்தபடியே நின்றாள்.

தினமும் காலையில் மகளின் முதல் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் கொதிக்க வைத்து, இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பார்க்க வேண்டும். அது சௌதாவின் வேலை. தெளிவாக இருந்தால் டைரியில் 'இல்லை' என்று எழுதுவாள். லேசாகக் கலங்கினால் ஒரு பிளஸ். தயிர் மாதிரி வெளுத்தால் மூன்று. மூன்று நாள் தொடர்ந்து மூன்று பிளஸ் வந்தால் வியாதி திரும்பிவிட்டது என்று அர்த்தம், உடனே கூட்டி வாருங்கள் என்று டாக்டர் சொல்லி வைத்திருந்தார்.

பத்து வாரமாக அந்த டைரியில் இல்லை, இல்லை, இல்லை என்றுதான் வரிசையாக இருந்தது. போன மாதம் டாக்டரே சிரித்து, மார்ச் மாதப் பரீட்சையை ஸ்கூலுக்குப் போய் எழுதட்டும், ஜூனில் வகுப்பில் சேரட்டும் என்றுவிட்டார். அன்றைக்கு சௌதா அல்வா கிண்டினாள். பழைய யூனிஃபார்ம் பத்தாது என்று புதிதாகத் தைத்தும் வாங்கியாகிவிட்டது.

இப்போது எல்லாம் முடிந்தது என்றாள் சௌதா. கணவர் மூசா வேலந்தாவளத்துக் கடையைச் சாத்திவிட்டு, ஜும்மா தொழுகை முடிந்ததும் காரோடு வருவார். மூன்று மணிக்குக் கோயம்புத்தூரில் டாக்டரைப் பார்க்க வேண்டும். மறுபடி பெரிய மாத்திரை ஆரம்பிப்பார்கள்.

"போன தடவை மூஞ்சி ஊதுனப்ப, அவளே கண்ணாடியச் செவுத்துப் பக்கமாத் திருப்பி வெச்சுட்டாளுங்க டீச்சர். நான் கேட்டதுக்கு, தூசி படியுதும்மான்னு சொன்னா."

சொல்லிவிட்டு சௌதா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சிவசங்கரி செருப்பைக் கழற்றினாள். அப்போது அவளுக்குள் ஏதோ ஒன்று இளகியது. துக்கம் என்றுதான் முதலில் நினைத்தாள். துக்கமில்லை. இன்னும் ஒரு வருடம் இந்த வீட்டுக்கு வரலாம் என்ற நினைப்பு அது. கழற்றிய செருப்பைக் குனிந்து நேராக வைத்தாள். நேராக இருந்ததை மறுபடி நேராக வைத்தாள். யாரும் பார்க்கவில்லை என்றாலும் முகத்தை நிமிர்த்தக் கொஞ்சநேரம் ஆயிற்று.

அன்சிலாவின் அறை வீட்டின் கோடியில் இருந்தது. ஒரு கட்டில், ஒரு மேஜை, தோப்பைப் பார்த்த ஒரு ஜன்னல். அந்த ஜன்னலிலேயே அவளுக்கு ஊர் முழுவதும் கேட்கும். பால் சொசைட்டி வண்டி, தண்ணீர் லாரி, நிற்காமல் போகும் ஸ்கூல் பஸ், எல்லாவற்றையும் சத்தத்தை வைத்தே சொல்வாள். சிவசங்கரியின் ஸ்கூட்டரை மெயின்ரோட்டு வளைவிலேயே கண்டுபிடித்துவிடுவாள். போன வருடம் வகுப்புப் பிள்ளைகள் ஒருநாள் கேக்கோடு வந்தார்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்று பாட்டுப் பாடினார்கள், ஃபோட்டோ எடுத்துக்கொண்டார்கள், போய்விட்டார்கள். அதற்குப்பின் அந்த ஜன்னலுக்கு வந்தது கோழிகள்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளென்றால் காலையிலிருந்தே அன்சிலா முகம் கொடுத்துப் பேசமாட்டாள். இன்று நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பின்னக் கணக்குகள் அத்தனையும் போட்டாயிற்று. கொடுக்காத பக்கத்தையும் சேர்த்துப் போட்டிருந்தாள்.

"ஜூன்லயும் நீங்கதான வருவீங்க டீச்சர்?"

சிவசங்கரி அந்த முகத்தைப் பார்த்தாள். இரண்டு முறை வியாதி திரும்பியதை அவள் பக்கத்திலிருந்து பார்த்தவள். இமைதான் முதலில் தடிக்கும். காலையில் கண்ணைத் திறக்கவே பிள்ளை சிரமப்படும். இன்று இமை இரண்டும் வெற்றிலை மாதிரி மெல்லிசாக இருந்தன.

காலை நீட்டச் சொன்னாள். முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். குழி விழவில்லை. சௌதா மேஜைமேல் வைத்துப்போயிருந்த டைரியில் எடையைப் பார்த்தாள். ஒரு வாரமாக இருபத்தேழு கிலோ, ஒரு கிராம்கூட ஏறவில்லை.

"என்னங்க டீச்சர் பாக்கறீங்க?" என்று கேட்டாள் அன்சிலா. குரலில் இருந்த உற்சாகம் குறைந்திருந்தது.

தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிச் சமையலறைக்குப் போனாள். டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று காலைக் குழாயைக் கழுவாமல் ஜன்னல் திட்டில் நிறுத்தி வைத்திருந்தாள் சௌதா. சிவசங்கரி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

நிஜமாகவே சத்து இறங்கினால் குழாய் முழுக்கப் பால் கலந்த மாதிரி ஒரே சீராக வெளுக்கும். இதில் திட்டுத்திட்டாக இருந்தது. ஓரிடத்தில் வெள்ளையாக ஒரு நூல் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது.

அந்த நூலை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். அவளே உண்டாக்கியது.

டிசம்பரில் ஒருநாள் அன்சிலா, எனக்குள்ள இருந்து வெள்ளையா என்ன டீச்சர் வருது என்று கேட்டு அழுதாள். பயத்தைப் போக்க வேண்டும் என்று சிவசங்கரி ஒரு முட்டையை உடைத்து, வெள்ளைக்கருவை இங்க் ஃபில்லரில் உறிஞ்சி, குழாய்த் தண்ணீரில் நாலு சொட்டு விட்டுக் காய்ச்சிக் காட்டினாள். பார்த்தாயா, முட்டை வேகிற மாதிரிதான், உடம்புக்கு வேண்டிய சத்து தப்பி வெளியே வருகிறது, அவ்வளவுதான் என்றாள். அன்றிலிருந்து பிள்ளை அழவில்லை. நல்ல பாடம் நடத்திவிட்டோம் என்று இரண்டு நாள் அவளுக்குப் பெருமையாக இருந்தது. அந்த ஃபில்லர் போன வாரத்திலிருந்து காணவில்லை.

அறைக்குத் திரும்பி வந்து ஜியாமெட்ரி பாக்ஸைக் கேட்டாள். அன்சிலா எடுத்துக் கொடுக்கவில்லை. அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். சின்னக் கை. அதுவே சிவசங்கரிக்குப் பதிலாக இருந்தது.

"எத்தன நாளா கண்ணு?"

"மூணு நாளுங்க."

"முட்டை?"

"வெள்ளக் கோழி இந்த ஜன்னலுக்குக் கீழதானுங்க முட்ட வெக்குது."

பாத்ரூமுக்குக் கப்பை எடுத்துப் போகும்போது பாவாடை மடிப்பில் ஃபில்லரும் போயிருக்கிறது. மூன்று நாள் காலையிலும் சௌதா குழாயைக் காய்ச்சுவதை இதே கண்கள் கதவோரம் நின்று பார்த்திருக்கின்றன. சிவசங்கரிக்குத் திட்ட வரவில்லை. மாத்திரை வேண்டாத உடம்புக்குள் அந்த மாத்திரை போனால் என்ன ஆகும் என்று தெரியுமா என்று மட்டும் கேட்டாள்.

"தெரியுமுங்க. மூஞ்சி ஊதும். பசிச்சுட்டே இருக்கும். காச்சல் வந்தா ஆஸ்பத்திரில படுக்கோணும்." பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். "பரவால்லைன்னு நெனச்சனுங்க."

"எதுக்கு?"

அன்சிலா ஜன்னலைப் பார்த்தாள்.

"நீங்கதான ஃபோன்ல சொன்னீங்க. உங்க ஊட்டு மாமாகிட்ட. புள்ளைக்கு இன்னும் செரியாகலீங்க, செரியானதும் அடுத்த பஸ்ஸுக்கே வந்தர்றேன்னு. இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் நின்னுதான் பேசுனீங்க."

சிவசங்கரிக்கு நினைவிருந்தது. போன மாதம், அல்வாவைத் தின்றுவிட்டுக் கை கழுவி, முற்றத்தில் நின்று பேசியது. பிள்ளை உள்ளே தூங்குகிறாள் என்று நினைத்திருந்தாள்.

"எனக்குச் செரியாயிருச்சுன்னுதான் அம்மா அன்னைக்கு அல்வா கிண்டுச்சு. நீங்க ஏன் செரியாகலன்னு சொல்றீங்கன்னு ரொம்ப நாள் யோசிச்சனுங்க. அப்பறம் தெரிஞ்சுது. உங்களுக்கும் போகப் புடிக்கல." அன்சிலா தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். "அதுக்குத்தான் டீச்சர்."

வெளியே தண்ணீர் லாரி போயிற்று. இருவரும் அது போய் முடிகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினாள் அன்சிலா. சொன்னால் அம்மா உங்களை இனிமேல் விடாது, நாளையிலிருந்து போடமாட்டேன், நாளைக்குத் தானாகவே இல்லை என்று வந்துவிடும் என்றாள். நாளைக்கு வரும். ஆனால் மூன்று மணிக்கு டாக்டர் டைரியைத்தானே பார்ப்பார்.

சமையலறைக்கு நடக்கும் பத்தடிக்குள் சிவசங்கரிக்கு ஒரு வழி தோன்றிவிட்டது. வினிகர் பழசு, அதனால் கலங்கிக் காட்டுகிறது, புது பாட்டில் வாங்கி மறுபடி பார்ப்போம் என்று சொல்லலாம். டீச்சர் சொன்னால் சௌதா நம்புவாள். மாத்திரையும் தப்பும், பிள்ளையும் தப்பும், வாரத்தில் நாலு நாளும் தப்பும். வாயில் அந்த வார்த்தை தயாராக இருந்தது.

சௌதா ஆஸ்பத்திரிப் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு வாரத்துக்குத் தேவையான துணி. பக்கத்தில், கொக்கியில் தொங்கிய புது யூனிஃபார்ம் கழற்றப்பட்டிருந்தது. அதை மடித்து, ஒரு நாளிதழில் சுற்றி, அலமாரியின் அடித்தட்டில் பழைய போர்வைகளுக்குக் கீழே தள்ளினாள். தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அழுகிறவள் மாதிரிகூட இல்லை. பல தடவை செய்து பழகிய வேலை மாதிரி இருந்தது.

"சௌதா, கொஞ்சம் உக்காருங்க," என்றாள் சிவசங்கரி. "வியாதி திரும்பல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். முட்டையை, ஃபில்லரை, தான் நடத்திய பாடத்தை. கடைசியாக, சுவருக்கு அந்தப் பக்கம் நின்று தான் சொன்ன பொய்யை.

சௌதா எழுந்தாள். மகளைக் கையைப் பிடித்து பாத்ரூமுக்குக் கூட்டிப் போனாள். கப்பைத் தானே கழுவி, தானே பிடித்து, தானே கொண்டுவந்தாள். ஸ்பிரிட் விளக்கு எரிந்தது. குழாய் கொதித்தது. இரண்டு சொட்டு வினிகர். மூன்று பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

தெளிவாக இருந்தது. அந்தப் பக்கம் இருந்த ஜன்னல் கம்பிகூடத் தெரிந்தது.

சௌதா குழாயைக் கழுவினாள். மறுபடி சோப்புப் போட்டுக் கழுவினாள். மூன்றாவது தடவையும் கழுவினாள். அன்சிலா மெதுவாகப் பக்கத்தில் போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொள்ளப் பார்த்தாள். சௌதா ஈரக் கையால் அவளை ஒருகணம் விலக்கினாள். அடுத்த கணம் அதே ஈரக் கையோடு இழுத்து வயிற்றோடு அழுத்திக்கொண்டாள்.

டாக்டருக்கு ஃபோன் போட்டாள். அடுத்த வாரம் வழக்கமான தேதிக்கு வந்தால் போதும் என்றார்களாம். மூசாவுக்கும் சொன்னாள். எதனால் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். ஊட்டுக்கு வாங்க, சொல்றேன் என்று வைத்துவிட்டாள்.

அதன்பிறகுதான் சிவசங்கரி பக்கம் திரும்பினாள்.

"வாரம் ஒரு நாள்தான் வருவாங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. நீங்க நாலு நாள் வந்தீங்க. ஏன்னு நான் கேக்கவே இல்லீங்க டீச்சர். எம் புள்ளமேல பிரியம்னு நெனச்சுக்கிட்டேன்."

"பிரியந்தானுங்க."

"தெரியுமுங்க. இல்லீன்னு சொல்லல." சௌதா கையை முந்தானையில் துடைத்தாள். "ஆனா அவ பள்ளிக்கூடம் போய்ப் பழகோணும். நாலு புள்ளைககூட சண்ட போடோணும். நீங்க இருந்தா அவளுக்கு வேற யாரும் வேணாம்னு இருக்குது." கொஞ்சம் நிறுத்தினாள். "இனி ஒரு நாள் வந்தாப் போதுங்க."

வருகைப் பதிவேட்டை சிவசங்கரி நீட்டினாள். ஒவ்வொரு வாரமும் பெற்றவர் கையெழுத்துப் போட வேண்டிய இடம். சௌதா நிதானமாகக் கையெழுத்திட்டாள். மேஜைமேல் டைரி திறந்தே கிடந்தது. அதில் மூன்று நாட்களின் பிளஸ்களையும் ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, பக்கத்தில் சின்ன எழுத்தில் 'இல்லை' என்று எழுதினாள்.

அன்சிலா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். போய்வருகிறேன் என்றாள் சிவசங்கரி. தலையணைக்குப் பக்கத்தில் ஃபில்லரைக் கழுவி வைத்திருந்தாள். அதை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாமல் சிவசங்கரி அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

ஸ்கூட்டரைக் கிளப்பும்போதுதான் ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது. முகம் தெரியவில்லை.

"வெள்ளிக்கிழம வாங்க டீச்சர். அப்பத்தான் வாரம் பூராத்தையும் சொல்ல முடியும்."

சரி என்றாள். அது உள்ளே கேட்டதா என்று தெரியவில்லை.

வாய்க்கால் பாலத்துக்கு மேல் யாரும் கிடையாது. வண்டியை நிறுத்திவிட்டுக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தாள். வாய்க்காலில் கடைசியாகத் தண்ணீர் விட்டு இருபது நாளாகியிருந்தது. அடியில் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. வீட்டுக்குப் போனால் செய்ய ஒன்றுமில்லை. திங்கள், செவ்வாய், புதன், எதற்கும் ஒன்றுமில்லை.

குரல் செய்தியைத் தொட்டாள்.

"சங்கரி, நான்தான். ஸ்டோர்ல எனக்குன்னு ஒரு ஃபேமிலி குவார்ட்டர்ஸ் ஒதுக்கி வெச்சிருந்தாங்கல்ல. இப்ப வேறொரு ஆளு பொண்டாட்டி பிள்ளையோட வந்திருக்கான். வியாழக்கெழமைக்குள்ள முடிவு சொல்லச் சொல்லுறாங்க. நீ வர்றதா இருந்தா நான் விடமாட்டேன். வரலைன்னாலும் சொல்லிரு. கோவப்பட மாட்டேன்." அதற்குமேல் அவன் பேசவில்லை, நிறுத்தவும் இல்லை. எங்கேயோ மழை ஓட்டில் விழுகிற சத்தம் பத்துப் பன்னிரண்டு விநாடிக்கு ஓடியது. கடைசியில், "அந்தப் பிள்ளைய விசாரிச்சேன்னு சொல்லு."

வியாழன் நேற்று.

அழைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தான். பின்னால் காய் உலர்த்தும் அறையின் இரைச்சல் கேட்டது. அவன் நடந்து வெளியே வருவதும், இரைச்சல் தேய்வதும் கேட்டது.

"பிள்ளைக்கு எப்படி இருக்கு?" அதுதான் அவனுடைய முதல் கேள்வி.

"நல்லா இருக்காளுங்க."

"சரி, சரி. கொணமாயிட்டு வருதா."

"ஆயிட்டு வரலீங்க. ஆயிருச்சு. ரெண்டு மாசத்துக்கு மேலயே ஆயிருச்சு." அவன் குறுக்கே பேசுவான் என்று பார்த்தாள். "நான்தான் உங்ககிட்ட பொய் சொன்னனுங்க. இன்னைக்கு அந்தப் புள்ளையே கேட்டுட்டா, உங்களுக்கும் போகப் புடிக்கலைதானன்னு. நான் பதில் சொல்லல."

மலையில் ஒரு ஜீப் ஏறிப்போகும் சத்தம்.

"எங்கிட்ட சொல்லு," என்றான் ஈஸ்வரன்.

"புடிக்காம இல்லீங்க. பயமா இருந்துச்சு. மூணு வருசத்துக்கப்பறம் ஒரே ஊட்டுல என்ன பேசிக்குவோம்னு."

அவள் ஃபோனைக் காதிலிருந்து எடுத்து, துண்டித்துவிட்டானா என்று பார்த்தாள். விநாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"நேத்து சாயங்காலம் சாவியக் குடுத்துட்டேன் சங்கரி," என்றான். "ஆறு மணி வரைக்கும் ஃபோனப் பாத்துட்டு இருந்தேன். இப்ப தொழிலாளிக லயத்துல, வேற ரெண்டு பேரோட ஒரு ரூம்ல இருக்கேன்."

அவள் ஃபோனை மறு காதுக்கு மாற்றினாள்.

"உன் பெட்டி ரெண்டு இங்க கெடக்கு. மொத வருசம் நீ வர்றேன்னு முன்னாடியே லாரில போட்டு விட்டியே, அது. பிரிக்கவே இல்ல, கட்டுன கயிறு அப்படியே இருக்கு. ரூம்ல எடமில்ல, வராந்தாவுல வெச்சிருக்கேன். காலமில்லாத காலத்துல இங்க மழ விடமாட்டேங்குது." அவன் குரலில் கோபம் இல்லை. சொன்னபடியே, கோபப்படவில்லை. "வேற வீடு பாக்கணும்னாலும் பாக்கலாம். இல்ல, திருப்பி அனுப்பணும்னாலும் நாளைக்குக் கீழ ஒரு வண்டி போகுது. பெட்டி மேல ஒட்டுறதுக்குச் சீட்டுக் கேட்டாங்க. நான் இன்னும் எழுதல."

இரைச்சலைக் கடந்து யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வர்றேன் என்று அவர்களுக்குக் குரல் கொடுத்துவிட்டு அவன் திரும்பவும் ஃபோனுக்கு வந்தான்.

"சொல்லு சங்கரி. எந்த அட்ரஸ் எழுதட்டும்?"

ஒரு வருடமாக அவன் எது கேட்டாலும், பிள்ளைக்குச் சரியாகவில்லை என்று சொல்ல அவளிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. அது இன்று காலை, தெளிந்த கண்ணாடிக் குழாயோடு போய்விட்டது. வெடித்த வாய்க்காலைப் பார்த்தபடி அவள் வாயைத் திறந்தாள்.